தேரடித் தெருவை இழுத்துப்போன வண்டி

அரியமங்கை என்ற ஊரில் தேரடித் தெரு என்று ஒரு தெரு இருந்தது; இருந்தது என்று சொல்லும்போதே ஒரு சின்னத் திருத்தமும் சொல்லிவிட வேண்டும், அந்தப் புரட்டாசி மாதத்தில் வாரத்துக்கு மூன்று நாள் அது அங்கே இருக்காது. அந்த நாட்களில் மேலத் தெருவுக்கும் கடைத் தெருவுக்கும் நடுவில் இருநூற்றைம்பது அடி நீளத்துக்கு வெறும் செம்மண் கிடக்கும். பக்கத்துத் தெருக்காரர்கள் அதில் மோர்மிளகாய் காயப்போடுவார்கள். தபால்காரர் மண்ணின் ஓரத்தில் சைக்கிளை நிறுத்தி, "எப்ப வருமாம்?" என்று கேட்பார். "சாயங்காலம் அஞ்சுக்குள்ள வந்துரும். இன்னைக்குக் கண்ணாஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கு" என்று மிளகாயைப் புரட்டிக்கொண்டே யாராவது பதில் சொல்வார்கள்.

தெருவை எடுத்துப்போனது சுந்தரவடிவின் வண்டி.

சுந்தரவடிவுக்கு நாற்பத்தொரு வயது. இரண்டு வயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிப்போய், ஒற்றைக் கட்டையை ஊன்றித்தான் நடப்பாள். விவசாயப் படிப்பு முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயர் பதிந்து, வருடா வருடம் புதுப்பித்து, அண்ணன் ஆறுமுகநயினார் வீட்டில் பத்தொன்பது வருடம் காத்திருந்த பிறகு அவளுக்கு ஓர் உத்தரவு வந்தது. ஐம்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி, மலையடிவாரத்தில் இருக்கும் மேலச்சோலையில் விதை ஆய்வாளர் வேலை. ஊர் ஊராகப் போய் விதைகளை வாங்கிவந்து, நூறு நூறாக ஈரத்துணியில் பரப்பி, எத்தனை முளைக்கிறது என்று பார்க்க வேண்டும். சொந்த வாகனத்தைக் கொண்டுவந்து காட்டி, முப்பது நாளுக்குள் சேர வேண்டும். தவறினால் அடுத்த பெயருக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தது. அவள் வயதுக்கு இன்னொரு உத்தரவு வராது என்று எழுதியிருக்கவில்லை, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

கிளட்சு மிதிக்க இடது கால் வேண்டும். அதனால் கிளட்சு இல்லாத வண்டியாகத் தேடி, ஓய்வுபெற்ற ஒரு பல் டாக்டரிடமிருந்து பதினெட்டு வயதான ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கினாள். விபூதி நிறம். கியர் குச்சிக்குப் பக்கத்தில் நான்கு எழுத்துகள் மேலிருந்து கீழாக இருந்தன: வண்டியைக் கட்டிப்போட பி, பின்னால் போக ஆர், எதிலும் சேராமல் சும்மா இருக்க என், முன்னால் போக டி. அதைப்போல ஒரு வண்டி அரியமங்கையில் அதுவரை இருந்ததில்லை.

புறப்பட்ட அன்று காலை தெரு முழுதும் வழியனுப்ப வந்து நின்றது. அவள் சாவியைத் திருப்பினாள், வண்டி மூச்சுவிடவில்லை. "பாட்டரி போயிருச்சு வடிவக்கா, தள்ளினா எடுத்துக்கும்" என்றான் டீக்கடைத் தவசி. கிளட்சு இல்லாத வண்டியைத் தள்ளிக் கிளப்ப முடியாது என்பது அங்கே யாருக்கும் தெரியாது. இருபத்திரண்டு வீட்டு ஆண்களும் பெண்களும், மாவுக் கையோடும் சவரம் பாதி முடிந்த முகத்தோடும், கை வைக்க இடம் கிடைத்தவர்கள் வண்டியிலும் கிடைக்காதவர்கள் முன்னால் நின்றவர் முதுகிலும் கை வைத்து, தெரு முழுநீளமும் ஐலசா போட்டுத் தள்ளினார்கள். கடைசியில்தான் வடிவு கவனித்தாள், குச்சி டியில் இருந்தது. டியில் இருந்தால் அந்த வண்டி சாவிக்கு அசையாது. பிக்கு மாற்றித் திருப்பினாள், உடனே கிளம்பிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அவள் குச்சியை டியில் போட்டு, கைகாட்டுகிறவர்களுக்காகக் கொஞ்சம் பிரேக்கை மிதித்து நின்றபோது, முதல் தடவையாக வண்டி நடுங்கியது.

ஸ்டியரிங் நடுங்கியது, சீட்டு நடுங்கியது, அவள் பற்கள் ஒன்றோடொன்று மெதுவாகத் தட்டிக்கொண்டன. பழைய வண்டிதானே என்று பிரேக்கை விட்டாள். ஐம்பத்தெட்டு கிலோமீட்டரும் அந்த நடுக்கம் கூடவே வந்தது. பின்னால் என்ன வருகிறது என்று பார்க்கும் கண்ணாடி ஆடிய ஆட்டத்தில் அதில் ஒரு பச்சையும் ஒரு வெள்ளையும் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. மேலச்சோலையில் அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தி, பியில் போட்டு, கட்டையை ஊன்றி இறங்கியபோது, பக்கத்தில் தவசி கண்ணாடி டம்ளரோடு நின்றிருந்தான்.

"வடிவக்கா, களைப்பா வந்திருப்பீங்க. சீனி கம்மியாப் போட்டிருக்கேன்."

அவனுக்குப் பின்னால் டீக்கடை இருந்தது, டீக்கடைக்குப் பின்னால் அடிபம்பு, அதற்குப் பின்னால் அண்ணன் வீட்டு வாசலில் அவள் காலையில் போட்ட கோலம். பேருந்தில் மூன்று பேர் உட்கார்ந்த இருக்கையில் நான்காவதாக ஒருவர் வந்தால் எப்படி நகர்ந்து இடம்விடுவார்களோ, அப்படி மேலச்சோலையின் கடைவீதி கொஞ்சம் நகர்ந்து தேரடித் தெருவுக்கு இடம்விட்டிருந்தது. அண்ணி உலகம்மாள் அடுப்பில் வைத்த சாம்பாரைப் பாதியில் இறக்கிவிட்டு வாசலுக்கு வந்து மலையைப் பார்த்தாள். "அட, கிட்டத்துலதான் இருக்கு" என்றாள்.

அலுவலகத்தின் குமாஸ்தா நல்ல மனிதர். உத்தரவைப் படித்தார், வண்டிப் புத்தகத்தைப் பார்த்தார், சன்னல் வழியாக வெளியே எட்டிப்பார்த்தார், பேனாவை மூடிவைத்தார்.

"அம்மா, நீங்க இன்னும் ஊரைவிட்டுப் புறப்படலையே."

"இங்கதானே சார் நிக்கறேன்."

"நீங்க நிக்கறீங்க. உங்க தெருவும் நிக்குதே. ஆய்வாளர்னா நாலு ஊருக்குப் போகணும். நீங்க எந்த ஊருக்குப் போனாலும் உங்க ஊர்லதான் இருப்பீங்க. நான் எந்த ஊர்ல சேர்ந்ததா எழுதறது?" என்று வருத்தத்தோடு கேட்டு, காகிதங்களை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "தெருவை விட்டுட்டு வாங்கம்மா. இருபத்தொன்பது நாள் இருக்கு."

சாயங்காலம் அவள் திரும்பினாள். தெருவும் திரும்பி, தன் செம்மண்ணில் சரியாக உட்கார்ந்தது.

மறுநாள் அவள் வண்டியை பைபாஸ் ரோட்டில் இருக்கும் காஜா மைதீன் பட்டறைக்கு ஓட்டிப்போனாள். நடுக்கத்தைச் சரிசெய்தால் தெருவும் கழன்றுவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. பட்டறையைச் சுற்றித் தெரு வந்து நின்றது. காஜா பாய் முப்பது வருடமாகக் கிளட்சு வண்டிகளைப் பார்த்தவர். எந்த வண்டி வந்தாலும் ஓட்டுகிறவரை இறக்கிவிட்டு, கியரை எடுத்துவிட்டு, பானெட்டைத் திறந்து, எஞ்சினை முறுக்கிக் காது கொடுப்பது அவர் வழக்கம். இதையும் அப்படியே பியில் போட்டுப் பார்த்தார். எஞ்சின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தார், தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"வண்டி கல்லு மாதிரி இருக்கும்மா."

"ஓட்டும்போது ஆடுது பாய்."

சக்கரங்களைக் கழற்றி எடை சரிபார்த்து மாட்டினார். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் குட்டிகள் இரண்டு நைந்திருந்தன, புதிதாகப் போட்டார். அடியில் படுத்து அச்சுகளைப் பிடித்து ஆட்டினார். ஒவ்வொரு தடவையும் பானெட்டைத் திறந்து பியில் போட்டுப் பார்த்தார், ஒவ்வொரு தடவையும் வண்டி அசையாமல் நின்றது, ஒவ்வொரு தடவையும் அவள் ஏறி டியில் போட்டதும் நடுங்கியது. இப்படியே பத்து நாள் போயிற்று.

அந்தப் பத்து நாளில் தேரடித் தெரு தன் புதிய நிலைமைக்குப் பழகிவிட்டது. முதலில் ஓர் அம்மாள் வந்து, கண்புரைக்கு மருந்து வாங்க வேண்டும், கண்ணாஸ்பத்திரி வழியாக ஒரு சுற்றுப் போனால் என்ன என்று கேட்டாள். வடிவால் மறுக்க முடியவில்லை. அடுத்து ஒரு வீட்டில் காதுகுத்து, குலதெய்வம் கோயில் நாற்பது கிலோமீட்டரில் இருந்தது, சமையல் பாத்திரங்களை எடுத்துப்போக வேண்டாம் பாருங்கள், அடுப்பே கூட வரும் என்றார்கள். தவசி டீக்கடைச் சுவரில் கரியால் ஒரு பட்டியல் எழுதினான்: செவ்வாய் கண்ணாஸ்பத்திரி, வெள்ளி கோயில், ஞாயிறு கடல். நடுக்கத்தையும் அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். டீயை முக்கால் டம்ளருக்கு மேல் ஊற்றுவதில்லை, வண்டி ஓடும்போது சவரம் செய்துகொள்வதில்லை, அலமாரிப் பித்தளையை அடுத்தடுத்து வைக்காமல் நடுவில் துணி வைத்தார்கள். கைக்குழந்தைகள் அந்த நடுக்கத்தில் தாலாட்டு இல்லாமலே தூங்கின. அண்ணனுக்கு முழங்கால் வலி விட்டுப்போயிற்று.

"பாய்கிட்ட போய் ரிப்பேரு ரிப்பேருன்னு நிக்காதட்டி. ஊருக்கே ஒத்தடம் கொடுக்கற வண்டி" என்றார் அண்ணன்.

"எனக்கு முப்பது நாள்தாண்ணே."

"வேலைக்குத்தானே போகணும்? தினமும் நாங்களும் வர்றோம். நீ ஆபீஸ்ல இரு, நாங்க வெளியில இருக்கோம். ஒனக்கு என்ன குறை?"

குறை என்று யாரும் எதையும் வைக்கவில்லை. காலையில் வண்டிக்கு முன்னால் ஆட்கள் வந்து நிற்பார்கள், ஒருவர் துடைப்பார், ஒருவர் முன்கண்ணாடியில் பூ வைப்பார், ஒருவர் இன்று எங்கே என்று கேட்பார். அவள் டியில் போட்டு, பிரேக்கை மிதித்து, எல்லோரும் விலகும்வரை அந்த நடுக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். போகச் சொல்லி ஒன்று தள்ள, போகாதே என்று ஒன்று பிடிக்க, நடுவில் அவள் பற்கள் தட்டிக்கொண்டிருக்கும். சில நாள் அது கால் மணி நேரம்கூட ஆகும்.

கடலை அதிகம் விரும்பியவள் உலகம்மாள். ஐம்பது வயதுவரை அவள் கடலைப் பார்த்ததில்லை. முதல் ஞாயிறு, தெருவின் கிழக்கு முனையில் ரேஷன் கடை இருந்த இடத்துக்கு அப்பால் அலைகள் வந்து நுரைத்ததைப் பார்த்து, முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தவள் துடைப்பத்தைக் கையில் பிடித்தபடியே இறங்கிப் போய், இடுப்புவரை நனைந்து, திரும்பி வந்து மீதி முற்றத்தைப் பெருக்கினாள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஞாயிறும் அவள் அப்படி நனைந்தாள். அந்த நாட்களில் அவள் யாரையும் ஏசவில்லை.

இருபத்திரண்டாம் நாள் காஜா பாய் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். நோவு இருக்கும்போது பார்க்காமல், நோவு இல்லாதபோதெல்லாம் பானெட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, பானெட்டை மூடினார். "இன்னைக்கு நீங்க இறங்க வேணாம்மா. நான் ஏறிக்கறேன்" என்று அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உலகம்மாள் இருவருக்கும் டீ எடுத்துவந்து, தானும் ஒரு டம்ளரோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"பிரேக்கை நல்லா மிதிச்சுக்கோங்க. என்ல போடுங்க."

போட்டாள். அமைதி.

"டி."

வண்டி நடுங்கியது. பாய் கதவைத் திறந்து, ஒரு கையை வண்டியின் தரையிலும் ஒரு கையைத் தெருவின் தரையிலும் வைத்தார். இரண்டும் ஒரே நடுக்கம். எட்டி, அருகிலிருந்த வீட்டு வாசல்படியைத் தொட்டார். அதுவும் அதே நடுக்கம்.

"வண்டியில கோளாறு இல்ல. பாரம் இழுக்குது" என்றார். "எந்தப் பக்கம் கட்டியிருக்குன்னு பாக்கணும். ஆர்ல போடுங்க."

வடிவு குச்சியை நகர்த்தவில்லை.

"பாய், இது தேரடித் தெரு."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தத் தெருவில் தேர் கிழக்கு நோக்கித்தான் வரும், ஒருநாளும் திரும்பாது. தேருக்கு இருந்த விதி வில்வண்டிக்கு வந்து, சைக்கிளுக்கு வந்து, பாடைக்கும் பால்காரருக்கும் குழந்தைகளின் மூன்றுசக்கர வண்டிக்கும் வந்து, ஆடு மாடுகளும் பழகிவிட்டன. வீட்டில் குடையை மறந்தவர்கூட நாலு தெருவையும் சுற்றிவந்துதான் எடுத்துக்கொள்வார். அங்கே பிறந்த யாரும் எந்த வண்டியையும் பின்னால் எடுத்ததில்லை. வடிவும் அந்த எழுத்தைத் தொட்டதில்லை.

"வண்டி நகர வேணாம்மா. பிரேக்குல கால் இருக்கட்டும். குச்சியை மட்டும் நகர்த்துங்க. நோவு எந்தப் பக்கம்னு தெரியாம நான் எப்படி வைத்தியம் பாக்க?"

நகர்த்தினாள். எஞ்சின் சுருதி ஒரு படி இறங்கியது. ஸ்டியரிங் அடங்கியது, பற்கள் அடங்கின, மேலே இருந்த கண்ணாடி அடங்கி நின்றது. இருபத்திரண்டு நாளில் முதல் தடவையாக அதில் பின்பக்கத்துச் சாலை, வெள்ளைக் கோடும் புளியமரங்களுமாக, கழுவி வைத்தது போலத் தெரிந்தது. பாய் வாசல்படியை மறுபடி தொட்டுப் பார்த்தார். வெறும் கல்.

மூன்று பேரும் அந்தக் கண்ணாடியைப் பார்த்தார்கள். உலகம்மாள் தன் டீயைக் குடித்து முடித்து, மூன்று டம்ளரையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

"தள்ளினவங்க முன்னால போகத்தானே தள்ளினாங்க, பின்னால எடுத்தா பாரம் ஒட்டாது" என்றார் பாய், கையைத் துடைத்துக்கொண்டே. "இனி இதுல எனக்கு வேலை இல்லம்மா."

வழி தெரிந்த பிறகும் வடிவு ஏழு நாள் போகவில்லை. ஐம்பத்தெட்டு கிலோமீட்டரைப் பின்பக்கமாக ஓட்டுவது ஒரு சங்கடம்தான், ஆனால் அது பெரிய சங்கடம் இல்லை. முன்னால் போகும்போது விட்டுப்போகிறவர்களுக்கு முதுகைக் காட்டிவிட்டுப் போகலாம். இதில் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும், அவர்களும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், இருபத்திரண்டு வீடும் கண்ணைவிட்டு மறையும்வரை. தினமும் காலையில் அவள் கை ஆர்வரை போகும், யாராவது முன்கண்ணாடியில் பூ வைப்பார்கள், கை டிக்கு இறங்கிவிடும். செவ்வாய் கண்ணாஸ்பத்திரிக்குப் போனாள், வெள்ளி கோயிலுக்குப் போனாள்.

இருபத்தொன்பதாம் நாள் மத்தியானம் கீரை ஆய்ந்துகொண்டிருந்த உலகம்மாள் தலைநிமிராமல் கேட்டாள்.

"நாளைக்கு முப்பதுல்லா?"

"ஆமா அண்ணி."

"ஞாயித்துக்கிழமை. தவசி கடல்னு எழுதியிருக்கான்."

"பாத்தேன்."

உலகம்மாள் ஒரு கட்டு முழுதும் ஆய்ந்து முடித்தாள். தண்டுகளை ஒதுக்கினாள்.

"மூணு தடவ பாத்தாச்சு" என்றாள். "அதே தண்ணிதான்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வடிவு வண்டியில் ஏறினாள். கட்டையைப் பக்கத்துச் சீட்டில் சாய்த்து வைத்தாள். கடலுக்குப் போவதற்காகத் தெரு துண்டும் மாற்றுத்துணியும் எடுத்துவைத்திருந்தது. அப்போது உலகம்மாள் ஒரு தட்டில் தேங்காயும் சூடமும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் வந்து நின்று, என்றைக்கும் இல்லாமல் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"ஒரு மாசமாச் சுமக்குது, ஒரு நாளாவது கும்பிட்டிருக்கோமா? எல்லாரும் முன்னால வாங்க. பின்னால நிக்கவங்களும் வாங்க. தவசி, கடையைப் பொறவு பாக்கலாம், முன்னால வா."

வந்தார்கள். தேரடித் தெருக்காரர்களுக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே நினைவில் இருந்ததில்லை, அதனால் யாருக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை. இருபத்திரண்டு வீட்டாரும் வண்டியின் மூக்குக்கு முன்னால் கூடினார்கள். அண்ணன் கைகூப்பி நின்றார். சூடம் எரிந்தது, தேங்காய் உடைந்தது, பின்னால் தெருவின் மேற்கு வாய்வரை ஓர் ஆளும் இல்லை. வடிவு பிரேக்கை மிதித்தாள், குச்சியைப் பியிலிருந்து ஒரு படி இறக்கினாள், அதற்கு மேல் இறக்கவில்லை. கால் எடுத்தாள்.

வண்டி ஒரு சத்தமும் இல்லாமல், ஒரு நடுக்கமும் இல்லாமல், எதிர்த்திசையில் நகர்ந்தது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. சூடத்துக்கும் வண்டிக்கும் நடுவில் ஓர் அடி இடைவெளி வந்தது, பிறகு ஆறடி, பிறகு ஒரு வீட்டு நீளம். "ஏட்டி வடிவு, அந்தப் பக்கம் போகக் கூடாதுட்டி" என்றார் அண்ணன். தவசி ஓடிவர ஓர் எட்டு வைத்தான். உலகம்மாள் ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு, மறுகையைப் பக்கவாட்டில் நீட்டி அவனைத் தடுத்தாள். அந்தக் கையை அவள் மடக்கவே இல்லை, அதற்குப் பின்னால்தான் தெரு முழுதும் நின்றது. வடிவு அவளைப் பார்த்தாள். அவள் வடிவைப் பார்க்கவில்லை, அணைந்துவிடாமல் இருக்கச் சூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடுகள் ஒவ்வொன்றாக வண்டியின் இரண்டு பக்கமும் வந்து, முன்னால் போய், சின்னதாகி, கடைசியில் அந்த நீட்டிய கை மட்டும் ஒரு கோடாகத் தெரிந்து, அதுவும் போயிற்று.

மேலச்சோலைவரை ஐந்து மணி நேரம் ஆனது. எதிரே வந்த லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி, டி வேலை செய்யவில்லையா என்று கேட்டார். செய்யும், போட்டால் எல்லோரும் வந்துவிடுவார்கள் என்றாள். "அப்ப வேணாம்" என்று அவர் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்.

முப்பதாம் நாள் என்பதால் ஞாயிறன்றும் அலுவலகத்தைத் திறந்துவைத்திருந்த குமாஸ்தா சன்னல் வழியாக எட்டிப்பார்த்தார். வாசலில் ஒரு வண்டியும், அதற்குப் பக்கத்தில் கழுத்தைத் திருப்ப முடியாமல் ஒரு பெண்ணும் மட்டும் நின்றிருந்தார்கள். அவர் பேனாவைத் திறந்தார்.

"எந்த ஊர்லேர்ந்து வர்றீங்கம்மா?"

இதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. அரியமங்கை என்றாள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு தூரம் என்று தெரிந்தது. அவர் அந்தப் பெயரை ஒரு கட்டத்திலும் மேலச்சோலை என்ற பெயரை வேறொரு கட்டத்திலும் எழுதினார், அவள் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்தாள். பின்பக்கமாகவே வந்து சேர்ந்த வண்டி, முகத்தை அரியமங்கை இருக்கும் திசைக்கு வைத்துக்கொண்டு நின்றது. அவள் கட்டையை ஊன்றிச் சாலையோரமாக நடந்து, தலை அளவுக்கு இரண்டு கற்களைத் தேடி, ஒவ்வொன்றாகக் காலால் உருட்டிவந்து, முன்சக்கரங்களுக்கு முன்னால் வைத்தாள்.